வலது கையின் அளவு

சவுரியம்மாளுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்தோரு வருஷ சர்வீஸ். ஷூவின் மேல்தோலைத் தைப்பது அவள் வேலை. தப்பாகத் தைத்தவர்கள் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைக்க லைனின் கோடியில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. ரீவொர்க் போர்டு என்பார்கள். அதில் பெயர் ஏறினால் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும், சாயந்திரம் பஸ் ஏறும்வரை எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். போன டிசம்பர் வரைக்கும் அவள் பெயர் அதில் ஏறியது மூன்றே தடவை. மூன்றையும் தேதியோடு சொல்வாள், காரணத்தோடும் சொல்வாள். முதல் தடவை மிஷின் ஊசி மழுங்கியிருந்தது. இரண்டாம் தடவை நூல் மட்டம். மூன்றாம் தடவை, கணவனைப் புதைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள். ஆகக்கூடி அவள்மேல் தப்பே இல்லை.

செய்ததைப் பிரிப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. வீட்டில் தலையணை உறையைக் கோணலாகத் தைத்துவிட்டால் அது கோணலாகவே கிடக்கும். கேட்டால் அதுதான் டிசைன் என்பாள்.

அதே லைனின் கடைசியில் மஹ்பூபி உட்கார்ந்திருந்தாள். சவுரியம்மாளைவிட இரண்டு வருஷம் ஜூனியர், வயது இருவருக்கும் ஒன்றுதான், நாற்பத்தெட்டு. மஹ்பூபிக்கு ஜோடி சேர்க்கிற டேபிள். தைத்து வருகிற இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவு ஒன்றா, தோலின் நிறம் ஒன்றா, ஓரத் தையல் ஒன்றா என்று பார்த்து, சேர்ந்தால் கிளிப் போட்டுப் பெட்டியில் வைப்பாள். சேராவிட்டால் திருப்பி அனுப்புவாள். நாள் முழுக்க டேபிளில் இருந்தாலும் அவள் கண் ஒரு ஜோடிமேல் நிற்பது இரண்டு விநாடி. அந்தக் கண் லேசில் ஓயாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துவிட்டு, "ஷேடு சேரலடி" என்று சவுரியம்மாள் காதில் ஓதுவாள்.

போன மார்ச்சில் மஹ்பூபிக்கு வலது மார்பை எடுத்தார்கள். கேன்சர். வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ரேடியேஷன் கரண்ட் வைத்து முடித்தார்கள், இனி ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் வலது கை வீங்க ஆரம்பித்தது. இந்த ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகும், அக்குளில் கழலைகளை எடுத்ததால் கையில் நீர் தேங்கிக்கொள்ளும், உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முழுசாக வடியாது என்றார்கள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்துப் போட ஓர் இலாஸ்டிக் உறை கொடுத்தார்கள். அந்த உறையோடு மஹ்பூபி வீட்டில் உட்கார்ந்தவள்தான். துப்பட்டாவை வலது பக்கம் முழுக்க இழுத்து விட்டுக்கொண்டு, மகள் அஃப்ரோஸ் தவிர யார் கண்ணிலும் அந்தக் கையைக் காட்டவில்லை.

நவம்பர் நடுவில் சூப்பர்வைசர் ராமமூர்த்தி சவுரியம்மாளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் நல்ல செய்தியைக்கூடத் திட்டுவது போலத்தான் சொல்லுவார்.

"உன் தோஸ்துகிட்ட சொல்லும்மா. ஜனவரி மூணாம் தேதி வரைக்கும் டேபிள புடிச்சு வெச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆளு போட்டுடுவாங்க, என் கையில இல்ல. அவங்க கண்ணு இல்லாம தெனம் பேஜாரா இருக்குது எனக்கு."

சவுரியம்மாள் அன்றைக்கே போய்ச் சொன்னாள். மஹ்பூபி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள்.

"எப்டிடி வர்றது? கம்பெனி கோட்டு கையில நொழையல. கடையில விக்கிறது எதுவும் நொழையல. பெரிய சைஸா வாங்கிப் போட்டா அக்குள்ல தையல் வந்து தழும்புல உரசுது, நெருப்பு மாதிரி எரியுது. புர்கா போட்டுகினு பஸ்ல வந்துடுவேன். உள்ள வந்து கழட்டணும் இல்ல?"

"கழட்டிட்டு வேலைய பாரேன். யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

"ஜோடி பாக்குறவ கையே ஜோடி இல்லன்னா, அத்தினி பேரும் ஷூவையா பாப்பாங்க? அந்த வேல வேணான்னு சொல்லிடு, போ."

பத்தொன்பது வருஷ வேலையை வேண்டாம் என்று சொல்கிறவள் கண் கலங்கக்கூட இல்லை. அதுதான் சவுரியம்மாளுக்குப் பகீரென்றது. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"தையலே இல்லாம ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றேன். முன்னாடி பட்டன் வெச்சது. அத மேல போட்டுகினு வா. டிசம்பர் ஜனவரி குளுருக்கு யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றாள். சொன்ன பிறகுதான், தான் அப்படி ஒன்றைப் பின்னியதே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

பின்னல் அவளிடம் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கணவனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்பது நாள் கிடந்தபோது, பக்கத்துப் பாயில் டார்ஜிலிங் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளும் கணவனோடு வந்தவள், விடாமல் பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவளுக்குத் தெரியாது. சவுரியம்மாள் கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் மிஷினைக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். அந்த நாற்பது நாளை அந்த ஊசிகள்தான் தள்ளிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு தெருவில் பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் குல்லாய் பின்னினாள். அந்த ஊர் வெயிலில் கம்பளிக் குல்லாய் எதற்கு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஏலகிரி மலைக்குப் போனால் ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தையல் இல்லாத ஸ்வெட்டரை அவள் போன் வீடியோவில் பார்த்திருந்தாள். யாரோ வெள்ளைக்காரப் பெண்மணி ஏதோ பேசிக்கொண்டே பின்னுவாள். சவுரியம்மாள் சத்தத்தை மூடிவிட்டுக் கையை மட்டும் பார்த்தாள். கழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு ஊசியையும் ஒரு பிளாஸ்டிக் ஒயர் சேர்க்கிறது. மொத்த ஸ்வெட்டரும் அந்த ஒயரில் தொங்குகிறது. ஒரே வரிசையில் முன்பக்கம், கை, முதுகு, கை, முன்பக்கம் என்று ஐந்து பங்கு. பங்கும் பங்கும் சேருகிற நாலு இடத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கண்ணி, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையம், கூட்டிக்கொண்டே வந்தால் தோள் தானாக அகலமாகும். அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு, உடம்பை மட்டும் இடுப்புவரை இறக்கி முடிக்க வேண்டும். கடைசியில் ஒதுக்கிவைத்த கைகளை எடுத்து மணிக்கட்டுவரை சுற்றிச் சுற்றிப் பின்னினால் முடிந்தது. வெட்டுவது இல்லை, ஒட்டுவது இல்லை, தைப்பது இல்லை. இருபத்தோரு வருஷமாகத் துண்டும் துண்டும் சேர்த்துத் தைத்தே சாப்பிட்டவளுக்கு அது கண்கட்டு வித்தையாகத்தான் இருந்தது.

வேலூர் லாங் பஜாரில் போய் நூல் வாங்கினாள். குழந்தைகளுக்குப் பின்னுகிற மிருதுவான கம்பளி நூல், கத்திரிப்பூ நிறம், ஒன்பது உருண்டை. ஒன்பதையும் நடுத்தெருவுக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். தள்ளுவண்டிக்காரர் ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். இரண்டு உருண்டையின் நிறம் ஒரு இழை கம்மி. ஒரே சாய லாட்டில் வேறு இரண்டு கொடு என்று கேட்டு வாங்கினாள். கடைக்காரருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மஹ்பூபி பார்த்தால் தெரியும் என்று சவுரியம்மாளுக்குத் தெரியும்.

பிறகு அளவெடுக்கப் போனாள். தப்பு அங்கேதான் நடந்தது.

ஷூ கம்பெனியில் புது மாடல் போட்டால் முதலில் ஒற்றைக்கால்தான் செய்வார்கள். அந்த ஒரு கால் சாம்பிள் வெளிநாடு போகும், அங்கே சரி என்றால் வேலை ஆரம்பம். அடுத்த காலை எவரும் தனியாக அளப்பதில்லை. இதைத் திருப்பிப் போட்டால் அது. சவுரியம்மாள் மஹ்பூபியின் இடது கையை அளந்தாள். புஜம் பதினொன்றரை அங்குலம், நீளம் பதினேழு. தோல்மேல் குறி வைக்கிற சில்வர் பேனாவால் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டாள். வீக்கத்துக்கு என்று இரண்டு கைக்கும் இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டுக்கொண்டாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. மஹ்பூபியும் அதை எடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஐந்து வாரம். காலையில் கம்பெனி பஸ்ஸில் நாற்பது நிமிஷம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் விளக்கு வைக்கிறவரை. கிறிஸ்மஸுக்கு மகன் குடும்பம் வந்திருந்தபோதும் ஊசி கையை விட்டு இறங்கவில்லை. ஸ்வெட்டர் அழகாக வந்தது. ஒரு கண்ணி நழுவவில்லை. இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். கண்ணிக்குக் கண்ணி ஒன்று. மஹ்பூபியின் டேபிளுக்குப் போனால் இரண்டு விநாடியில் கிளிப் விழும்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி கேக்கோடு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு போனாள். அஃப்ரோஸ் கதவைத் திறந்து, "வாங்க காலா" என்று உருதுவில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டாள். மஹ்பூபி ஸ்வெட்டரை வாங்கி முதலில் நிறம் பார்த்தாள், பிறகு திருப்பி உள்பக்கம் பார்த்தாள், அக்குளில் விரல் விட்டுத் தடவினாள்.

"தையலே இல்லடி!"

மூஞ்சியில் அத்தனை மாசத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். இடது கையை நுழைத்தாள். பாந்தமாக இருந்தது. வலது கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேலே போகவில்லை. இழுத்தாள். அஃப்ரோஸ் பிடித்து இழுத்தாள். கம்பளி விரிந்து கண்ணி கண்ணியாக இளித்துக்கொண்டு நின்றது. மஹ்பூபி மெதுவாகக் கழற்றி மடித்து சவுரியம்மாள் மடியில் வைத்தாள்.

"வுடு. எழுதி வெச்சது அவ்ளோதான்."

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் தப்பு என்று தெரிந்தால் அவளுக்கு முதலில் வருவது அதுதான்.

"நீ சொல்லக் கூடாதா? அளவெடுக்குறப்போ வாயில இன்னா வெச்சிருந்த? இந்தக் கை இவ்ளோ ஜாஸ்தின்னு ஒரு வார்த்த சொல்ல என்னாடி கேடு?"

"நீ கேக்கல."

"நீ மூடிகினு உக்காந்தா எப்டிடி கேக்குறது?"

மஹ்பூபி குரலை உயர்த்தவே இல்லை. "அஞ்சு மாசமா நீ வர்ற, சவுரி. வர்றப்பெல்லாம் எனக்கு இடது பக்கம்தான் உக்கார்ற. ஒரு தபா இந்தப் பக்கம் வந்து உக்காந்தியா?"

சவுரியம்மாள் தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். இடது பக்கம். அன்றைக்கும் இடது பக்கம்தான். கடைசி நாட்களில் அவள் கணவனுக்குக் கால் இப்படித்தான் வீங்கியிருந்தது. அழுத்தினால் பள்ளம் விழும். பள்ளம் நிரம்ப நேரம் ஆகும். ஆறு வருஷமாக அவள் எந்த வீக்கத்தையும் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சாம்பிள் பழக்கம் என்பதெல்லாம் சாக்கு. அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அது மஹ்பூபிக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் தாங்கவில்லை. எழுந்து, கட்டிலைச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தாள்.

அஃப்ரோஸ் டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். மஹ்பூபி துப்பட்டாவை எடுத்துவிட்டு, கையை நீட்டினாள்.

"ம். இதையும் அள."

சவுரியம்மாள் டேப்பைச் சுற்றினாள். உறையோடு சேர்த்துப் புஜம் பதினைந்தரை. முழங்கையில் பதிமூன்று. மணிக்கட்டில் எட்டரை. கை சூடாக, கனமாக இருந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, மஹ்பூபியின் கைதான். காலண்டர் தாளில் இடதுக்குப் பக்கத்தில் எழுதினாள்.

"அக்குள்ல கிழிச்சு ஒரு பட்ட வெச்சுத் தைச்சா நொழையும். பூட்ஸுக்கு இலாஸ்டிக் வெக்கிற மாதிரி" என்றாள் மெல்ல. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. பட்டை வைத்தால் தையல் வரும். வருகிற இடம் தழும்பு. ஷூவாக இருந்தால் சரியில்லாத துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டு வைக்கலாம். இதில் கழற்றத் துண்டு என்று எதுவும் இல்லை. கழுத்திலிருந்து எல்லாம் ஒரே நூல். வலது கை வேண்டும் என்றால் இடது கை, முதுகு, முன்பக்கம், எல்லாம் தோள்வரை போக வேண்டும். மூன்றாம் தேதிக்கு எட்டு நாள்.

கைகள் இரண்டையும் அக்குள்வரை பிரித்துப் போட்டாள். பிறகு ஸ்வெட்டரின் அடி ஓரத்தைத் திருப்பி, முடிச்சு போட்ட நுனியைத் தேடி எடுத்து மஹ்பூபியின் கையில் கொடுத்தாள்.

"நீ இழு. எனக்கு மனசு வரல."

மஹ்பூபி இழுத்தாள். கண்ணிகள் வரிசை வரிசையாகச் சரசரவென்று அவிழ்ந்தன. சவுரியம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நூலை உருண்டையாகச் சுற்றினாள். அவிழ்க்க அவிழ்க்க மஹ்பூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரீவொர்க்டி உனக்கு!"

"போர்டுல எழுதாத" என்றாள் சவுரியம்மாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டீயோடு வந்த அஃப்ரோஸுக்குத் தெரியவில்லை.

தோளிலிருந்து நாலு விரல் கீழே வந்ததும் நிறுத்தினார்கள். அங்கிருந்து சவுரியம்மாள் திரும்ப ஆரம்பித்தாள். இடது கைப் பங்கில் முன்போலவே ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கூட்டினாள். வலது கைப் பங்கில் மட்டும் விடாமல் கூட்டினாள், இருபது கண்ணி அதிகம் வரும்வரை. வீடியோவில் அந்த வெள்ளைக்காரி இப்படிச் செய்யவில்லை. ஊசியும் ஒயருமாகவே தினம் சாயந்திரம் எடுத்துப் போய் மஹ்பூபிக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் தடவையே இதைச் செய்திருக்கலாம். மேலிருந்து பின்னுவதன் வசதியே அதுதான். ஆனால் லைனில் இத்தனை வருஷம் தைத்த ஷூ எதையும் யார் காலிலும் போட்டுப் பார்த்ததில்லையே, அது எப்படித் தோன்றும்?

உடம்பு இடுப்புக்கு நாலு விரல் மேலேயே நின்றது, நேரம் இல்லை. கை என்று வந்தபோது வலதை முதலில் எடுத்தாள். இந்தத் தடவை சாம்பிள் வலதுதான். இரண்டாம் தேதி சாயந்திரம் வலது கை மணிக்கட்டுவரை முடிந்துவிட்டது, இடது கை முழங்கையோடு நின்றது. மிச்சக் கண்ணிகளை ஒரு நூலில் கோத்துவிட்டு, "ரெண்டு நாள் லீவு சொல்லிடறேன், அதுக்குள்ள முடிச்சுடுவேன்" என்றாள்.

"மூணாம் தேதின்னா மூணாம் தேதி. குடு இப்டியே" என்றாள் மஹ்பூபி.

மூன்றாம் தேதி காலை பனியில் பஸ் வந்தது. மாதனூர் தாண்டும்போது சவுரியம்மாள் கடைசிப் பட்டனைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள். கம்பெனிக்குள் போய் மஹ்பூபி புர்காவைக் கழற்றி மாட்டினாள். கத்திரிப்பூ நிறத்தில் வலது கை தளதளவென்று மணிக்கட்டுவரை, இடது கை முழங்கையோடு அரைகுறையாக, நுனியில் நூல் தொங்க, தன் டேபிளுக்கு நடந்து போய் உட்கார்ந்தாள்.

பார்க்காமல் இருப்பார்களா? பார்த்தார்கள். புதுசாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாய் திறந்து நின்றார்கள். மஹ்பூபி டேபிள்மேல் இருந்ததை ஒதுக்கினாள். ஜோடி வைப்பது போல இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

"ஆபரேஷன் பண்ணாங்க, இது வீங்கிடுச்சு. இனிமே இப்டித்தான். அது நூலு பத்தாம இல்ல, நேரம் பத்தாம நிக்குது. பாத்தாச்சா? போய் வேலைய பாருங்க."

அவர்கள் போனார்கள். ராமமூர்த்தி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, எதையோ திட்டிக்கொண்டே வேறு பக்கம் போனார்.

சவுரியம்மாள் தைத்தாள், டேபிளைப் பார்த்தாள், தைத்தாள், டேபிளைப் பார்த்தாள். பத்து மணி வாக்கில் லைன் கோடியில் மஹ்பூபி ஒரு ஜோடியைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு விநாடி. எழுந்து வந்து சவுரியம்மாளின் மிஷின்மேல் வைத்தாள். வலது காலின் ஓரத் தையல் ஒரு நூல் விலகியிருந்தது.

"பிரி" என்றாள். சிரிக்காமல் போர்டுக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்து, வலது கையால், கொட்டை எழுத்தில் சவுரியம்மாள் என்று எழுதிவிட்டுத் தன் டேபிளுக்குத் திரும்பினாள்.

அது நாலாவது தடவை. இந்த வருஷம் ஜனவரி மூன்று. சவுரியம்மாள் யார் கேட்டாலும் அதையும் தேதியோடு சொல்கிறாள். அதற்கு மட்டும் காரணம் எதுவும் சொல்வதில்லை.